எமகண்டம் முடியும்வரை கோட்டையில்

2-2-84, வியாழன்

பனி. ஏழு மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. விறகு ஈரம், அடுப்பெல்லாம் புகை. கண்ணில் தண்ணீர் வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. புகைக்கு நன்றி.

பள்ளிக்கூடம். அவரைக்காய் பறிப்பு, அதனால் இரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவரைக்காய் காய்த்ததற்கும் நான்தான் காரணம் போல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் வாசலில். தக்காளி மண்டிக்காரர் ஐந்து மணிக்கே வீட்டில் இருந்தால் ஒன்று காய்ச்சல், இல்லை விசேஷம். விசேஷம்தான். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போவது முடிவாகிவிட்டது. ராயக்கோட்டை தாண்டி, கெலமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். பெண் பெயர் மல்லிகா. இருபது வயது. மூன்று பெண்களில் கடைசி. மாமியார் போன வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒழச்ச கையி. நல்ல ஒடம்பு" என்றார். கறவை மாடு வாங்கி வந்த அன்றும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. அதனால் இவருக்கு இன்னொரு கல்யாணம். எழுதிப் பார்த்தால் ஒன்றரை வரிதான் வருகிறது.

பெண் வீட்டில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்களாம். பெண்ணுக்குப் பூ வைப்பது மூத்தவள் கையால்தான் நடக்க வேண்டும், மாமியாரோ நாத்தனாரோ வைத்தால் செல்லாது. மாமியார் இதைச் சொல்லும்போது குழம்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை.

"அவிங்க கேக்கறதும் ஞாயந்தான? நாளைக்கி மூத்தவ சண்டைக்கி வந்தான்னா புள்ள கெதி என்னாவும்னு பயப்படறாங்க."

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியாகிவிட்டது, இதற்கு மட்டும் புதிதாக என்ன சொல்ல. எந்த ஊர் மனிதன் அவன், அந்தப் பெண்ணின் அப்பன்? என் கையாலேயே என் தலையில் மண்ணைப் போடச் சொல்கிறான். அதுவும் சிரித்த முகத்தோடு போட வேண்டுமாம்.

3-2-84, வெள்ளி

பனி குறைவு. தலைவலி.

ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்க வேண்டியவை (மாமியார் சொல்லச் சொல்ல):
தாம்பாளம் இரண்டு
வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம்
தேங்காய், பழம்
ஆப்பிள் ஓசூரில் சொல்லியாயிற்று
சீனிமிட்டாய் (கல்கண்டு போதும் என்றேன். "மொதக் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சோம், இதுக்கு மட்டும் கொறைக்கறதா?")
பூ, நானே கட்ட வேண்டும்
மல்லிகாவுக்கு ஒரு புடவை. கிளிப்பச்சை. எடுத்தது நான். மாரண்டஹள்ளி ஜவுளிக்கடைக்காரர், "டீச்சரம்மா, தங்கச்சிக்குங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

பக்கத்து வகுப்பு விமலா டீச்சர் மதியம் பிடித்துக்கொண்டாள். சட்டப்படி இது செல்லாது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது, ஒரு மனு கொடுத்தால் போலீஸ் வந்து கல்யாணத்தை நிறுத்தும் என்கிறாள். எனக்குத் தெரியாதா. அன்றைக்கு நிறுத்திவிட்டு ராத்திரி எந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டேன். அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு ஊறுகாய் எடுத்து என் சோற்றில் வைத்தாள்.

இண்டூரில் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. தீபாவளிக்குப் போனபோது. "வூட்ட வுட்டுத் தொரத்தாம, கூட வெச்சிக்கறேன்னு சொல்றாங்களே, அதுவே பெரிசும்மா." அப்பா கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

4-2-84, சனி

நாத்தனார் சரோஜாவும் மகள் தேவியும் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்துவிட்டார்கள். சரோஜா இவரைவிட நான்கு வயது சின்னவள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, உங்க மனசு யாருக்கு வரும்" என்றாள். இந்த வாக்கியத்தை இந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். கோயிலில், பால் வாங்கும் இடத்தில், ரேஷன் கடையில். கேட்கக் கேட்க வாயைத் திறக்க முடியாமல் போகிறது.

தேவிக்கு மூன்றாம் வகுப்பு. கையில் கிடைத்ததையெல்லாம் சத்தமாகப் படிக்கிறாள். தீப்பெட்டி, சோப்பு உறை, உர மூட்டை. எனக்கு இவளை ரொம்பப் பிடிக்கும். பிடிப்பது வெளியில் தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று சரோஜா பயப்படுவாள், அதனால் தெரியாமல் பிடிக்கும்.

மாலை பூ கட்டினேன். முல்லை, கனகாம்பரம், நடுவில் மரிக்கொழுந்து. விரல் எல்லாம் வாசனை. நன்றாகத்தான் வந்தது, நெருக்கமாக, சீராக. என்ன பெண் நான்? இதையாவது கோணலாகக் கட்டியிருக்கலாம்.

சேலத்து டாக்டரம்மா இன்று முழுக்க மனதில். நான்கு வருடம் ஆகிறது. எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு கொறையும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, அவரையும் பாத்துடலாம்" என்றார். இவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சொன்னேன். நேராகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இவர் மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். நிஜமாகவே மறந்திருப்பார். ஆண்களால் முடியும்.

6-2-84, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது மதியம், பிள்ளைகள் சத்துணவு சாப்பிடுகிறார்கள், கூடம் முழுக்கத் தட்டுச் சத்தம். முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். எழுதினால் தலை லேசாகும் என்று ஒரு நம்பிக்கை.

ஞாயிறு காலை. நல்ல வெளிச்சம், பனியே இல்லை. தினமும் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பது இந்த வீட்டில் என் வேலை. வந்த நாளிலிருந்து நான்தான். நேற்றும் போய் நின்றேன். சனிக்கிழமை தாளைப் பிடித்தேன். பிடித்தபடியே நின்றுவிட்டு, கிழிக்காமல் அடுப்படிக்கு வந்துவிட்டேன். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த நாள் என் கையால் வர வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மாமியாருக்கு ராகு காலம் ஏழு நாளைக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். எமகண்டம் மட்டும் குழப்பம், காலண்டரைப் பார்த்துத்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. குளித்துவிட்டு வந்து தேவியைக் கூப்பிட்டார்.

"தேவி, இன்னிக்கி எமகண்டம் எப்பன்னு போட்டுருக்கான் பாரு."

தேவி ஸ்டூல் போட்டு ஏறி, கணீரென்று படித்தாள். "ஒன்றரை முதல் மூன்று வரை!"

அது சனிக்கிழமைக்கு உரியது. எனக்குக் காதில் விழுந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தோசையைத் திருப்பினேன்.

"அப்ப ஒரு மணிக்குள்ள பூ வெச்சிரலாம்" என்று மாமியார் கணக்குப் போட்டுவிட்டார்.

வண்டி மண்டியினுடைய மெட்டடார் வேன். விடியற்காலையில் ஓசூரில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பி வர டிரைவர் முனுசாமிக்குப் பத்தரை ஆகிவிட்டது. கழுவி, பின்னால் ஜமக்காளம் விரித்து, நாங்கள் ஏறினோம். மாமியார், சரோஜா, தேவி, நான். இவர் முன்னால். உள்ளே நசுங்கிய தக்காளி வாடை. கிளிப்பச்சைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டேன், கறை படக்கூடாது என்று. பூ வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி, அதுவும் என்னிடம்தான். கீழே வைக்கக்கூடாது என்று மாமியார் கட்டளை.

ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கு நிறுத்தினோம். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. பெண் வீடு இன்னும் அரை மணி நேரம். டீக்கடையில் ஒரு காலண்டர். தேவி சும்மா இருப்பாளா.

"ஞாயிறு. எமகண்டம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. அம்மாயி! இதுல வேற மாதிரி போட்டிருக்குது!"

மாமியார் கையில் டம்ளர் நின்றது. டீக்கடைக்காரர் வேறு, "இன்னிக்கி ஞாயித்துக்கெழமைங்கம்மா, இதான் சரி" என்றார். பிறகு ஒரே அமளி. தேவிக்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. குழந்தை அழுதுகொண்டே சொன்னது, "வூட்டுக் காலண்டர்ல சனிக்கெழமன்னுதான் இருந்துச்சு! நான் கரெக்டாதான் படிச்சேன்!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"கிழிக்கலியா நீ?" மாமியார்.

"மறந்துட்டேங்க அத்தை."

"பதினோரு வருசத்துல மறக்காதவ, இன்னிக்கி மறந்துட்டியா?"

இவர்தான் குறுக்கே வந்தார். "வுடும்மா. வேலைல மறந்திருப்பா. இப்ப என்னா, ஒன்றரை வரைக்கும் இங்கியே இருந்துட்டுப் போலாம். எமகண்டத்துல போயி நிக்கறதவிட தேவலாம்." எனக்காகப் பேசினார். பூ வைக்கப் போகிற வழியில் எனக்காகப் பேசினார்.

அடி வாங்கிய குழந்தையைச் சமாதானம் செய்ய இவர்தான் ஆரம்பித்தது. "அழுவாத. மாமா உன்னக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன் வா."

கோட்டை ஊரின் தலைக்கு மேலேயே இருக்கிறது. மொட்டைப் பாறை மலை, ஓரத்தில் மதில். கல்யாணமான புதிதில் ஓசூருக்குப் பஸ்ஸில் போகும்போது காட்டி, "ஒரு நா ஏறலாம், மேல சுனை இருக்குது" என்றார். அப்புறம் எத்தனை முறை இந்த வழியாகப் போயிருப்போம். சினிமாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாவுக்கு. ஏறியதே இல்லை. எங்கள் உல்லாசப் பயணம் நேற்றுத்தான் வாய்த்தது.

மாமியார் வரவில்லை. கால்வலி, கோபம். சரோஜா அவருக்குத் துணை. பூப்பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நீட்டினேன்.

"நீயே வெச்சிக்க. வேன்ல சூடு, வாடிப்போவும். உன் பொறுப்பு அது."

ஆக, நான், இவர், தேவி, பூ.

ஏறுவதற்கு நல்ல மூச்சு வேண்டும். படி சில இடத்தில் ஒழுங்கு, சில இடத்தில் வெறும் பாறை. வெயில் நேராக உச்சியில். எனக்குப் பட்டுப்புடவை. இவர் முன்னால் தாவித் தாவிப் போகிறார், நின்று கை கொடுக்கிறார், "பாத்து, வழுக்கும்" என்கிறார். முப்பத்தெட்டு வயது, இருபத்தைந்து மாதிரி. கன்னத்தில் புதிதாக மழித்த பச்சை. பாட்டு வேறு முணுமுணுக்கிறார். அந்தக் கையைப் பிடித்து ஏறும்போது எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தது.

வாசல் ஒன்று, இடிந்த மதில், கூரையில்லாத அறைகள். தேவி ஒவ்வொரு சுவரிலும் கரியால் கிறுக்கிய பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். "முருகன், சாந்தி. மாதேஷ், லட்சுமி. இது யாரு அத்தை?" காதலர்கள் என்று சொல்லாமல், ஊர்சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்றேன். "நம்ம பேரும் எழுதலாமா?" வேண்டாம் என்றேன். மாமா பெயருக்குப் பக்கத்தில் யார் பெயரை எழுதுவாள்.

மேலே சுனை. பாறைக் குழியில் கரும்பச்சையாகத் தண்ணீர், தொட்டால் ஜில்லென்று. விறகுக் கட்டோடு ஒரு பெண் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஈரத்துணியை நனைத்துப் பூவின் மேல் பிழிந்தேன். வாசனை எழும்பியது. அவள் பார்த்தாள்.

"பூவா? கோயிலுக்குங்களா?"

இவர் சொன்னார். "இல்லம்மா, பொண்ணுக்குப் பூ வெக்கப் போறோம். எமகண்டம் போவட்டும்னு ஏறினோம்."

"நல்ல காரியங்க. யாருக்கு?"

இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "தம்பிக்கு" என்றார்.

"நல்லா இருக்கட்டும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஓரவத்தி வரப்போறா. மொதல்லியே அடக்கி வெச்சிக்கோங்க." விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தேவிக்குத் தாங்கவில்லை. "மாமாவுக்குத் தம்பியே கெடையாதே?"

"போயி அந்த மரத்துகிட்ட வெளையாடு" என்றார் இவர்.

இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்தோம். கீழே ரயில் பாதை, பச்சைச் சதுரங்களாகத் தக்காளித் தோட்டம், தூரத்தில் ஒரு ஏரி மினுக்கியது. கையை நீட்டி, "அந்த ஏரிக்கு அந்தாண்டதான் அவிங்க ஊரு" என்றார். முன்பு சுனையைக் காட்டிய அதே கை. எனக்கு ஊர் தெரியவில்லை.

தம்பிக்கு என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் துணிச்சல் வந்தது. வெட்கம் இருக்கிறது இவருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

"சேலத்து டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?"

ஒரு கல்லை எடுத்துச் சுனையில் போட்டார். வட்டம் விரிந்து எங்கள் பாறை வரை வந்தது.

"ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்துருக்கலாம். நீங்களும்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு." கோபமில்லை. களைத்த குரல். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "இங்க பாரு சகுந்தலா. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே கீழ போயி வண்டியத் திருப்பச் சொல்றேன். அம்மாவ நான் பாத்துக்கறேன். சத்தியமா."

கேட்டார். நிஜமாகவே கேட்டார். இதை நான் கனவு காணவில்லை. பதினோரு வருடத்தில் என் விருப்பம் என்ன என்று இவர் கேட்ட ஒரே கேள்வி, கோட்டையின் மேல், மடியில் அவளுக்கான பூவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போது.

வேண்டாம். நாலே எழுத்து. தொண்டை வரை வந்துவிட்டது.

அதற்குள் அவரே சிரித்துவிட்டார். "சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும். உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும்."

முடிந்தது. வந்தது உள்ளே போய்விட்டது. கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தேன், ஆனால் அது கோழைத்தனம் மட்டும் இல்லை. பிள்ளை இல்லை, நாளைக்குப் புருஷனும் முழுசாக இல்லை. எனக்கென்று மிச்சம் இருப்பது ஊரில் எடுத்த அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் சகுந்தலா என்று யாரைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்காக வாயை மூடிக்கொண்டேன். மடியில் பூ கனத்தது. எட்டி அந்தச் சுனையில் போட்டிருந்தாலும் போதும், சொல்லாமலே சொன்ன மாதிரி ஆகியிருக்கும். போடவில்லை. இன்னொரு முறை தண்ணீர் தெளித்தேன்.

மணி அடித்துவிட்டது. மீதி பிறகு.

அதே நாள், சாயங்காலம். பள்ளியில் யாரும் இல்லை. சாவி என்னிடம்.

ஒன்றரை தாண்டிய பிறகுதான் ராயக்கோட்டையை விட்டு வேன் கிளம்பியது. மாமியார் என்னிடம் பேசவில்லை. பெண் வீட்டில் எல்லோரும் காத்துக் களைத்துப் போயிருந்தார்கள். போண்டா ஆறிப்போய்ப் பாறாங்கல். அப்பன் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லி, குனிந்த ஆள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் கூடி நின்று தெலுங்கில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். இவளா மூத்தவள், படித்தவளாமே, இவளுக்கு என்ன கேடு என்பது போல. அரைகுறையாகப் புரிந்தது.

மல்லிகா வந்தாள். மாநிறம், நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு. தலையைக் குனிந்துகொண்டு வந்தவள், பலகையில் உட்கார்ந்ததும் நிமிர்ந்தாள். இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். விடாமல் பார்த்தாள். என்ன திமிர் என்று நினைத்தேன்.

குங்குமம் வைத்தேன். இலையைப் பிரித்தேன். பூ வாடவே இல்லை. ஒரு இதழ்கூட. தலையில் வைக்கும்போது அவள் கழுத்து நடுங்கியது என் விரலில் தெரிந்தது. என் கை நடுங்கவில்லை. எல்லோரும் அதையே பார்த்திருப்பார்கள். "மவராசி" என்றாள் ஒரு கிழவி. சரோஜா அழுதாள். இவர் தரையைப் பார்த்தார்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். மல்லிகா சொம்போடு பின்னாலேயே வந்தாள். துணி துவைக்கும் கல் பக்கத்தில் இரண்டு பேர் மட்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மூத்தவங்கதான் பூ வெக்கணும்னு சொன்னது எங்கப்பா இல்லீங்கக்கா. நாந்தான்."

நான் ஏன் என்று கேட்டேனா, தெரியவில்லை. கேட்டிருப்பேன்.

"எனக்கு வேணாம்னு சொன்னா எங்கூட்ல யாரு கேப்பா. எந்தப் பொம்பளயாவது இதுக்கு ஒத்துக்குவாளா, நீங்க மாட்டேன்னு சொல்லிருவீங்க, அதோட நின்னுடும்னு நெனச்சேன். மணியாவ மணியாவ நீங்க வரலியா, சரி, வரமாட்டாங்கன்னு எங்கம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்."

சொம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் காலிச் சொம்பை இன்னும் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

நாங்கள் கோட்டையில் இருந்த நேரம் முழுக்க இவள் இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு, நேரம் போகப் போகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா சொன்னதை இவளிடம் சொல்ல வேண்டும். அப்போதே சொல்ல வேண்டும். பதினோரு வருடம் கழித்து இவள் தலையில் இதே பழி விழும், இவளும் யாருக்காவது பூ கட்டுவாள். "மல்லிகா" என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து மாமியார், "சகுந்தலா, சாப்பாட்டுக்கு எல போட்டாச்சி, நேரமாவுது" என்று கூப்பிட்டார். வரேன் அத்தை என்று போய்விட்டேன். அப்படியே விட்டுவிட்டுப் போய், உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

வரும் வழியில் மலை இடது பக்கம். தேவி, "மாமா, இன்னொரு நா வரலாமா?" என்றாள். "வரலாம், அப்ப புது அத்தையும் வருவாங்க" என்றார் இவர். மாமியார் முதல் முறையாகச் சிரித்தார்.

7-2-84, செவ்வாய்

கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோட்டை ஏறிய வலி. கரும்பலகை முன் நிற்க முடியவில்லை.

மல்லிகாவுக்கு ஒரு கடுதாசி. நான்கு முறை ஆரம்பித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்றுகூட நான் கேட்கவில்லை. யாராவது படித்துக் காட்டுவார்கள், அவள் அப்பன் படிப்பார், மறுநாள் மாமியார் காதுக்கு வரும். கிழித்து அடுப்பில் போட்டேன்.

இவரிடம், அந்தப் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டே, "எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான். நீயே அழுதுட்டுத்தான வந்த" என்றார். உண்மை. அழுதுகொண்டுதான் வந்தேன். ஆனால் அது வேறு அழுகை. அதை எப்படி இவருக்கு விளக்குவது.

அரிசி ஊறப்போட வேண்டும். உளுந்து தீர்ந்துவிட்டது.

8-2-84, புதன்

மறுபடியும் பனி. எழுந்ததும் முதலில் காலண்டர் தாளைக் கிழித்தேன்.

மல்லிகாவின் அப்பா ஆள் அனுப்பியிருந்தார். கல்யாணத்தை மாசி வளர்பிறையில் வைத்துக்கொள்ளலாமாம். மார்ச் ஏழு, புதன்கிழமை தோது என்று அவர்கள் பக்கம் சொல்லியிருக்கிறார்கள். நேரத்தை நாம் சொல்ல வேண்டும்.

தேவி ஊருக்குப் போய்விட்டாள். மாமியார் கதவோரம் வந்து நின்றார். மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுகிறார்.

"அந்தப் புதங்கெழமைக்கி எமகண்டம் எப்பன்னு பாத்துச் சொல்லு. இந்தத் தடவ நீயே பாரு. நீ சொன்னா அதான் நேரம்."

தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். என்ன சொன்னாலும் நம்புவார். அங்கே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஏழரை முதல் ஒன்பது என்றேன். சரியாகப் பார்த்து, சரியாகத்தான் சொன்னேன்.